மெல்லிசு அண்ணனும் பஸ்ஸில் வந்த மாமாவும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாய்க்கால் தண்ணீருக்காக மண்வெட்டியைத் தூக்கியவர்கள் உண்டு. வரப்பு அரையடி நகர்ந்ததற்காக உத்தமபாளையம் கோர்ட்டுக்கு நடந்து நடந்தே செருப்பைத் தேய்த்தவர்கள் உண்டு. 'ப' என்ற எழுத்தின் கீழ்க்கோடு தலைமுடி அளவுக்குத் தடித்துவிட்டது என்பதற்காக இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்த மனிதர், நானறிய, மெல்லிசு அண்ணன் ஒருவர்தான்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எந்த வேலையைக் காட்டினாலும் "இன்னும் கொஞ்சம் மெல்லிசா இருந்தா நல்லாருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே வாங்கிய பட்டம் அது. ஆள் என்னவோ அதற்கு நேர்மாறு. அவர் கடைக்குள் நுழைய வேண்டுமென்றால் நான் எழுந்து ஜெராக்ஸ் மெஷினை அரையடி தள்ளி வைக்க வேண்டும்.

கடை என்றது உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் காதர் பாய் வைத்திருந்த டி.டி.பி. சென்டர். மனு, வாடகைப் பத்திரம், பிரமாணப் பத்திரம் இவற்றை டைப் அடிப்பது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இவற்றையெல்லாம் டிசைன் செய்வது அண்ணன் வேலை. நல்லதோ கெட்டதோ, ஊர் எங்கள் படியேறித்தான் ஆகவேண்டும்.

அண்ணனிடம் யாராவது பத்திரிகை நீட்டினால் மஞ்சள் குங்குமம் பார்க்கமாட்டார். சட்டைப்பையிலிருந்து வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் கண்ணாடியை எடுப்பார். ஒரு பத்து நிமிஷம் மூச்சுப் பேச்சு இருக்காது. ஒருமுறை அப்படிப் பார்த்து முடித்ததும் உச்சுக்கொட்டினார்.

"யாரு வீட்டுக் கல்யாணம்ணே?" என்றேன்.

"அதைப் பாக்கலையே தம்பி. இந்தக் 'கு'வோட வாலைப் பாரு. கொலை பண்ணி வச்சிருக்கான்."

வாங்கிப் பார்த்தேன். அவருடைய சொந்தச் சித்தப்பா மகள் கல்யாணம். முகூர்த்தம் அன்றைக்குக் காலையிலேயே முடிந்திருந்தது.

இந்த மனிதர்தான் ஆறு வருஷமாக ஓர் எழுத்துரு வரைந்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டரோடு வருகிற எழுத்தெல்லாம் அவருக்குப் பிடிக்காது. "எல்லாக் கோடும் ஒரே தடியா இருந்தா அது எழுத்தில்ல தம்பி, உலக்கை" என்பார். அவர் எழுத்தில் நிற்கிற கோடெல்லாம் நல்ல கனம். படுத்திருக்கிற கோடெல்லாம் தலைமுடி. கனத்திலிருந்து மெல்லிசுக்கு இறங்குகிற இடத்தில் ஒரு வழுக்கல் இருக்கும், அதற்காகத்தான் ஆறு வருஷமும். முதலில் கிராப் தாளில் பென்சிலால் வரைவார். அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஏற்றியதைப் பார்த்துவிட்டு மறுபடி கிராப் தாளுக்கே போய்விடுவார்.

எங்கள் பக்கம் திராட்சைக்கொடியை ஒவ்வொரு மகசூல் முடிந்ததும் கவாத்து வெட்டுவார்கள். அண்ணன் தன் எழுத்துக்கு அந்தக் கணக்கில்தான் நாள் சொல்வார். "'ழ'வுக்கு மூணு கவாத்து போச்சு. 'ஞ'வுக்கு நாலாவது ஓடுது." எழுத்துருவுக்குப் 'பன்னீர்' என்று பெயர். இங்கே விளையும் கறுப்புப் பன்னீர் திராட்சையின் ஞாபகமாக வைத்தது.

எழுத்தைப் பார்த்து மயங்குகிற ஆள் இல்லை நான். கோர்ட் மனு டைப் அடிக்கிறவனுக்கு எழுத்து என்றால் பக்கத்துக்கு இத்தனை வரி என்பதுதான். ஆனால் அவர் என் பெயரைப் பன்னீரில் அச்செடுத்து நீட்டிய அன்று, யாரோ ஜமீன்தார் பெயர் என்று நினைத்து மரியாதையாக வாங்கினேன். உண்மையிலேயே அப்படி ஓர் அழகு.

சங்கடம் எங்கே வந்ததென்றால், ஊர் அந்த அழகை ஓடிக்கொண்டே பார்த்தது.

முதலில் திராட்சைப் பெட்டி. ஒரு வியாபாரிக்கு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். சொரசொரப்பான அட்டை மையைக் குடித்துவிட்டது. மெல்லிசுக் கோடு போன இடம் தெரியவில்லை. குமுளியில் பெட்டியை இறக்கியவர் அங்கிருந்தே போன் பண்ணி, "சேட்டா, இது ஏது பாஷயா?" என்று, எந்த மொழி என்றே புரியாமல், மலையாளத்தில் கேட்டாராம்.

அடுத்தது பண்ணைப்புரம் வழியாகப் போகிற ஒரு மினிபஸ். கண்ணாடிக்கு மேலே ஊர்ப்பெயர்களைப் பன்னீரில் எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் பஸ்காரர் வந்து நின்றார்.

"என்னய்யா எழுதிக் கொடுத்திருக்க? ஸ்டாப்புல நிக்கிற சனம் போர்டைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள வண்டி தாண்டிருது. ஒருத்தரும் ஏற மாட்டேங்குறாக. எழுத்தைத் தடிப்பாக்கிக் குடு."

அண்ணன் கோபப்படவே இல்லை. நிதானமாகக் கேட்டார்.

"எழுத்தை எதுக்கு மாத்தணும்? வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லுங்களேன்."

காதர் பாய் எழுந்து உள்ளே போய்விட்டார்.

எடுபட்ட இடம் ஒன்று உண்டு. கண்ணீர் அஞ்சலி. கோம்பைப் பக்கம் ஒரு பெரியவர் தவறிவிட்டார். வீட்டு வாசலில் ஒட்டுவதற்காக வழவழப்பான தாளில் அவர் பெயரைப் பன்னீரில் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார் அண்ணன். இழவுக்கு வந்தவர்கள் போஸ்டர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். பெரியவரின் மகன் காரியம் முடிந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா உசுரோட இருந்தப்பக்கூட இம்புட்டு அம்சமா இருந்ததில்லண்ணே" என்றார். அதற்கு மேல் ஒரு விருதை அண்ணன் எதிர்பார்க்கவில்லை.

காதர் பாய் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. "ஒரு நூலு தடிப்பாக்குப்பா. ஒரே ஒரு நூலு. தேனியில நகைக்கடைக்காரரு கேக்குறாரு, கம்பத்துல ஜவுளிக்கடைக்காரரு கேக்குறாரு."

"பாய், முன்பல்லைப் புடுங்கிட்டுச் சிரிக்கச் சொல்றீக."

நகைக்கடை போயிற்று, ஜவுளிக்கடை போயிற்று, தேர்தலில் நின்ற ஒருவரும் போனார். கோடு மட்டும் அப்படியே இருந்தது.

இந்த நிலவரத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

பெண் செல்வராணி, காமயகவுண்டன்பட்டி. அவளுக்கு நாலு வயதிலேயே அப்பா இல்லை. வளர்த்தது, படிக்க வைத்தது, எனக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தது எல்லாம் தாய்மாமன் சுப்பையாதான். மூன்று ஏக்கர் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். தங்கமான மனிதர், ஆனால் மூக்கு நுனியில் கோபம். செல்வராணியின் பெரியப்பாவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறைக்கு வரமாட்டாள்.

பத்திரிகையை அண்ணன்தான் செய்வேன் என்றார். செய்தார். வழவழப்பான கெட்டித் தாளில், நடுவில் எங்கள் இருவர் பெயரும் பன்னீரில். வாங்கியவர்கள் எல்லாம் பிரித்துப் படிப்பதற்கு முன் விரலால் ஒருமுறை தடவினார்கள். சுப்பையா மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு தன் பெயரைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், "யாருய்யா செஞ்சது?" என்று விசாரித்தார். அண்ணனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அடுத்து ப்ளெக்ஸ் வந்தது.

காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில்தான் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், வியாழக்கிழமையே வாசலில் இருபதடி ப்ளெக்ஸ் கட்டியாயிற்று. எந்த வீட்டு விசேஷமானாலும் ப்ளெக்ஸில் யார் பெயர் எவ்வளவு பெரிது, யார் பெயர் எவ்வளவு தடி என்பதை வைத்துத்தான் ஊர் மரியாதையை எடை போடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மெல்லிசு அண்ணனுக்கு மட்டும் வேறு தராசு. பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள் பெயரையெல்லாம் கம்ப்யூட்டரோடு வந்த உலக்கை எழுத்தில் போட்டுவிட்டு, சுப்பையா மாமா பெயரை மட்டும் பன்னீரில் போட்டிருந்தார். அதிலும் வழக்கத்தைவிட மெல்லிசாக.

"என்னண்ணே, மாமா பேரு கண்ணுக்குத் தெரியுமா?" என்று கடையிலேயே கேட்டேன்.

"அவருக்குத்தான் தம்பி இருக்கறதுலயே மெல்லிசாப் போட்டிருக்கேன். மரியாதைன்னா அதான்."

ப்ளெக்ஸ் மெஷினுக்கு அவ்வளவு மெல்லிய கோடு போட வராது. உச்சி வெயிலில் ப்ளெக்ஸ் பளபளக்க ஆரம்பித்ததும் வந்த கொஞ்சமும் மறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்த மாமா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பெரியப்பா பெயர் பஸ்ஸுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிற மாதிரி தெரிந்திருக்கிறது. தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சில கறுப்புக் கம்பங்கள்.

இறங்கினார். யாரிடமும் பேசாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒரு மணி நேரத்தில் செல்வராணி எனக்குப் போன் செய்தாள்.

"மாமா கல்யாணத்துக்கு வர மாட்டாகளாம். பேரில்லாதவனுக்கு மண்டபத்துல என்ன சோலின்னு சொல்லிட்டாக. அவுக மாலை எடுத்துக் குடுக்காம நான் மணவறைக்கு வர மாட்டேன். நீங்க என்ன பண்ணுவீகளோ எனக்குத் தெரியாது."

அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. போனை வைத்ததும் நேராக அண்ணனிடம் போய் நின்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் எழுந்துவிட்டார். "வா தம்பி, நானே போயி விளக்கிச் சொல்றேன்." அவர் விளக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேறு வழியில்லை. என் பைக்கின் பின்பக்கம் தரையைத் தொட, இருவரும் புறப்பட்டோம்.

தோட்டத்தில் மாமா திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று கொத்துகளில் அழுகல் பழத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். திரும்பி அடுத்த கொத்துக்குப் போய்விட்டார்.

"மாமா..." என்று ஆரம்பித்தேன்.

"வாங்க மாப்ள. பழம் வேணும்னா பறிச்சுக்கங்க. வேற பேச்சு வேணாம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பை இப்போது சொல்ல வேண்டும். மனிதர் அண்ணாந்து நின்றிருந்தார். தலைக்கு மேலே நட்டுவைத்த கல்லுக்கால்கள், அவற்றுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி, கம்பியில் கொடி, கொடியில் கறுப்பாகக் கொத்துக் கொத்தாகப் பழம். பிறந்ததிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறவர், அன்றைக்குத்தான் பந்தலைப் பார்ப்பவர் போலப் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகிக்கொண்டு கம்பியை ஆராய ஆரம்பித்தார்.

எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"அண்ணே," என்றார் அண்ணன், மாமாவைப் பார்த்து, "இந்தக் கம்பி எந்தச் சைசு?"

கோபத்தில் இருக்கிற திராட்சைக்காரர் மாப்பிள்ளையோடு பேசாமல் இருப்பார், சாமியோடு பேசாமல் இருப்பார். பந்தலைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. மாமா கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை.

"எந்தக் கம்பியைக் கேக்குற? ஓரத்துல ஓடுறது வேற, உள்ள பின்னுறது வேற."

"ஏன் வேற?"

"ஏன்னா? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல தூரம் கம்மின்னா மெலிசு போதும். தூரம் கூடக்கூடக் கம்பி தடிக்கணும். இல்லாட்டிப் பழம் பிடிக்கிற நேரத்துல தொங்கி அறுந்து போகும். எல்லா எடத்துக்கும் ஒரே கம்பியைப் போடுறவன் வெவசாயி இல்ல."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "தூரம் கூடக்கூடத் தடிக்கணும்" என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார். பிறகு மாமாவிடம் போய், "அண்ணே, ஒங்க பேரு ப்ளெக்ஸுல இருக்கு. நான்தான் போட்டேன். இருக்கறதுலயே ஒசத்தின்னு நெனச்சு மெல்லிசாப் போட்டேன்" என்றார்.

"ஏய்யா, ஒன் ஒசத்தி எனக்கு எப்படித் தெரியும்? நான் பஸ்ஸுல வாரேன். ஊரே பஸ்ஸுல வருது. எம் பேரு எங்கனன்னு எம் பக்கத்துல ஒக்காந்திருந்தவரு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?" மாமா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நாலு வயசுப் பிள்ளையா எந் தோள்ல தூக்கிட்டு வந்தேன் அவள."

அண்ணன் பந்தலை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். அப்புறம், "நாளைக்குச் சாயங்காலம் பஸ்ஸுல ஒருவாட்டி வாங்கண்ணே" என்றார்.

"பாப்போம்."

கடைக்குத் திரும்பியதும் நான் அவசரப்பட்டேன். "அண்ணே, மாமா பேரை மட்டும் செலக்ட் பண்ணி ஓரத்துல ரெண்டு பாயின்ட் ஏத்திவிட்டா தடிச்சிரும். ஒரு நிமிஷ வேலை."

"அது வீக்கம் தம்பி, சதையில்ல" என்றார்.

கிராப் தாளை எடுத்தார். சுப்பையா என்ற பெயருக்கு வேண்டிய எழுத்தையெல்லாம் முதலிலிருந்து வரைய உட்கார்ந்தார். படுத்திருந்த கோட்டுக்குக் கனம் ஏறினால் நிற்கிற கோட்டை இளைக்க வைக்க வேண்டுமாம். அதைச் செய்தால் உள்ளே இருக்கும் வெள்ளை குறைகிறதாம், அகலத்தைக் கூட்ட வேண்டுமாம். சனிக்கிழமை காலை ஒரு நிச்சயதார்த்தக் கோஷ்டி ப்ளெக்ஸுக்காக வந்து நின்றது. காதர் பாய், "இன்னைக்குக் கடை லீவு" என்று சொல்லி அனுப்பிவிட்டு, கடைக்கு உள்ளேயே உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் தடிக்காத கோடு, என் கண் முன்னால் நூல் நூலாகத் தடித்தது. ஒவ்வொரு தரமும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். முகம் செத்துப் போயிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "விடுங்கண்ணே, உலக்கை எழுத்துலயே போட்டுருவோம்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

"ஒங் கல்யாணத்துல உலக்கையா?" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கம்பத்தில் அச்சாகி, நாலரைக்கு மண்டப வாசலில் புது ப்ளெக்ஸ் ஏறியது. ஐந்தேகால் டவுன் பஸ்ஸுக்கு நானும் அண்ணனும் காதர் பாயும் வாசலில் நின்றோம். பஸ் வந்தது. மூன்றாவது ஜன்னலில் மாமா. அவர் கண்டும் காணாத மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். படியில் நின்ற கண்டக்டர்தான் சத்தம் போட்டார்.

"யோவ் சுப்பையா மாமா! ஒம்ம பேரு மேகமலையில இருந்து பாத்தாத் தெரியும் போல இருக்கே!"

பஸ் நின்றது. மாமா இறங்கி ப்ளெக்ஸின் முன்னால் வந்து நின்றார். கண்ணாடி போடவில்லை. கீழிருந்து மேலே, பந்தலைப் பார்ப்பது போலப் பார்த்தார். அண்ணன் ப்ளெக்ஸைப் பார்க்காமல் மாமாவின் கண்ணையே பார்த்தார்.

"தாங்கும்" என்றார் மாமா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்டபத்துக்குள் போய்ப் பந்திக்கு எத்தனை இலை வந்திருக்கிறது என்று அதட்ட ஆரம்பித்தார். செல்வராணிக்கு நான் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவர் அதட்டல் தெரு முழுக்கக் கேட்டது.

அந்த எழுத்துக்கு அண்ணன் பிறகு 'தூரத்துப் பன்னீர்' என்று பெயர் வைத்தார். பழையது 'கிட்டத்துப் பன்னீர்' ஆயிற்று. இரண்டையும் முடித்துக்கொண்டுதான் இருக்கிறார். 'ஞ' இன்னும் ஓடுகிறது.

மறுநாள் மாமா மாலை எடுத்துக் கொடுத்தார், செல்வராணி மணவறைக்கு வந்தாள், நான் தாலி கட்டினேன். ஆசீர்வாதம் வாங்க மேடையிலிருந்து அண்ணனைத் தேடினால் ஆளைக் காணோம். காலையிலிருந்தே மண்டபத்துக்குள் வரவில்லை என்றார் காதர் பாய். வாசலுக்கு வந்து பார்த்தோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கொளுத்துகிற வெயிலில், ஒரு கையை நெற்றிக்குக் குடை பிடித்துக்கொண்டு ப்ளெக்ஸையும் வருகிற பஸ்களையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றிருந்தார்.

மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் ரோட்டைக் கடந்தோம். பஸ்களெல்லாம் நின்று வழிவிட்டன. நடு வெயிலில் அவர் காலில் விழுந்து எழுந்தோம். ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கியவர், எங்கள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லா இருங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா, பேரை மறைக்கிறீக."

தள்ளி நின்றோம். யார் சொல்லியும் அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு தள்ளி நின்றதில்லை.